நேர்த்தி உங்களுடையது, குளிசை மகனுடையது

அன்பின் ஆலோசகருக்கு,

செவ்வாய்க்கிழமை தவறாமல் பாசையூர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான். இரவில் செபமாலை, வெள்ளியில் ஒருசந்தி. இவ்வளவு செய்தும் ஆண்டவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செபக்கூட்டத்துப் பெண்கள் "உமக்கு விசுவாசம் காணாது" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். பங்குச் சுவாமி ஒருமுறை வந்து மகனின் தலையில் கை வைத்துச் செபித்தவர், பிறகு எட்டியும் பார்க்கவில்லை.

மச்சாள்தான் எல்லாரிலும் மோசம். கோயில் வாசல் மிதிக்கிறதில்லை, எனக்குப் புத்தி சொல்ல மட்டும் வருவா. "பெடியனைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ" என்று நாலு பேர் நிற்கும்போது சத்தமாகச் சொன்னா. எனக்குக் கலியாண வயதில் ஒரு பெட்டை இருக்கிறாள், யோசிக்க வேண்டாமா? அவவின் மகனுக்குக் கனடா விசாவும் வந்துவிட்டது. பூசைக்கே போகாதவவுக்கு அது எப்படி?

என் மகன் கம்பஸுக்குப் போகாமல் அறைக்குள் கிடக்கிறான். (மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்தவன். ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது, இனி மாதாவே பார்க்கட்டும் என்று நேர்த்தி வைத்து நிற்பாட்டிவிட்டேன். இப்போது நித்திரை இல்லை. போன கிழமை "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செபமும் மிச்சம்" என்றான், கோபத்தில்.) மச்சாளைக் கண்டாலே நெஞ்சு எரிகிறது, செபத்தில் மனம் ஒன்றுவதில்லை. என் விசுவாசத்தில் என்ன குறை?

ஒரு தாய், யாழ்ப்பாணம்

அன்பான அம்மா,

மச்சாளும் செபக்கூட்டமும் கொஞ்சம் பொறுக்கட்டும். அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்த வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"நான் இல்லாவிட்டால்" என்ற சொல்லைக் கோபம் என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் இருந்து, "சாக வேணும் போல இருக்கா, ராசா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். ஓம் என்றால் தனியே விடாமல், இரவானாலும் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் எடுக்கலாம். மிச்சக் குளிசைகளையும் பூச்சிமருந்தையும் அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். இல்லை என்று சொன்னாலும் நாளைக்கே கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் போக வேணும்.

இந்தக் குளிசைகள் பலன் காட்டவே 2 முதல் 4 கிழமை எடுக்கும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேணும், பிறகு வைத்தியர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேணும். திடீரென நிறுத்தினால் தலைசுற்று, எரிச்சல், நித்திரையின்மை வரலாம், அடங்கிக் கிடந்த சோர்வும் தலை தூக்கலாம். அவன் உறங்காததற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. அதற்காகப் பழைய அளவை நீங்களாகத் திரும்பக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

நேர்த்தியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1193. உங்கள் ஒருசந்தியை நேரலாம், மடுவுக்கு நடந்து போவதாக நேரலாம். பிள்ளையின் மருந்தை நேர உங்களுக்கு உரிமை இல்லை. மீறினால் மாதா கோபிப்பா என்ற பயம் இருந்தால் பங்குச் சுவாமியிடம் போங்கள். தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தை 1196ஆம் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. எட்டியும் பார்க்கவில்லை என்று அவரில் குறைப்படுகிறீர்கள். குளிசையை நிறுத்தியதை அவருக்குச் சொன்னீர்களா?

கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்ன அலகைக்கு, அந்தச் சாத்தானுக்கு, இயேசு கொடுத்த பதில் உங்களுக்குத் தெரியும்: ஆண்டவரைச் சோதிக்காதே. மருந்தை நிறுத்திவிட்டு அற்புதத்துக்குக் காத்திருந்தபோது அந்த உச்சியில் உங்கள் மகனை அல்லவா நிறுத்தினீர்கள்? கடவுளை நம்புகிறவள் அவர் எந்த வழியால் வர வேணும் என்று கட்டளை போடமாட்டாள். மருத்துவரை மதி, மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்று விவிலியத்தில் சீராக் 38இல் இருக்கிறது. செபிக்கச் சொல்லும் அதே பகுதி, மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. 1847இல் நம் ஊருக்கு வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அதுவும் விசுவாசத்தில் செய்த வேலைதான்.

1 அரசர் 19ஐ இன்றிரவு வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் விழுந்து, "என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று மன்றாடினவர் இறைவாக்கினர் எலியா. உமக்கு விசுவாசம் காணாது என்று ஆண்டவர் அவரைக் கடியவில்லை. உறங்க விட்டார். தூதர் தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். சோர்ந்தவனை ஆண்டவர் பார்த்துக்கொண்ட விதம் அது. மகனை இழுத்துவந்து செபமாலைக்கு இருத்த வேண்டாம், அவனுக்காக நீங்கள் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அவனுக்குச் சோறு போட்டுக் கொடுங்கள்.

மச்சாள் நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொன்னது பிழை. சொன்ன விஷயம் சரி. மகளின் கலியாணத்தை நினைத்து மகனின் வருத்தத்தை மறைக்கிறீர்கள் என்பது அவவுக்கும் தெரியும். கிளினிக்குக்குப் போகும்போது அவவையே துணைக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது மகனோடு இருக்க ஓர் ஆள் வேணும்.