கூகுள் தேடலில் தெரியும் இணையப் பக்கத் தலைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, தமிழில் எப்படி எண்ணுவது?

எண்ண வேண்டாம். கூகுள் அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. திரையில் இடம் இருக்கும் வரை காட்டி, மீதியை வெட்டி மூன்று புள்ளி வைக்கும். கணினித் திரையில் அந்த இடம் சுமார் 600 பிக்சல். 60 என்பது ஆங்கில எழுத்தை வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. நம் 'ண', 'ஞ' போன்றவை அகலமானவை என்பதால் தமிழில் இன்னும் குறைவாகவே கொள்ளும். முக்கியமான சொற்களை முதலிலேயே வைத்துவிடுங்கள், வால் வெட்டுப்பட்டாலும் விஷயம் நிற்கும்.

நான் எழுதியது ஒன்று, தேடலில் காட்டுவது வேறு. ஏன்?

டைட்டில் டேக்கில், அதாவது பக்கத்தின் நிரலில் தலைப்பை எழுதும் இடத்தில், இருப்பதை அப்படியே காட்ட வேண்டிய கட்டாயம் கூகுளுக்கு இல்லை. பக்கத்துக்குள் பெரிதாகத் தெரியும் முதன்மைத் தலைப்பிலிருந்தோ (எச்1), உங்கள் பக்கத்துக்கு வரும் இணைப்புகளில் உள்ள சொற்களிலிருந்தோ எடுத்துக்கொள்ளும். 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றியபோது தள உரிமையாளர்களிடமிருந்து நிறைய புகார்கள் கிளம்பின. அடுத்த மாதமே சில திருத்தங்கள் செய்து, ஏறக்குறைய 87 சதவீதம் டைட்டில் டேக்கையே பயன்படுத்துவதாகச் சொன்னது. அப்படியும் உங்களுடையது மாறுகிறது என்றால் காரணத்தை உங்கள் பக்கத்திலேயே தேடுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பா? டேக் காலியா? பக்கத்துக்குள் '2024' என்று திருத்திவிட்டு டேக்கில் '2022' என்றே விட்டுவிட்டீர்களா? இந்தக் கடைசித் தவறு மிகச் சாதாரணமாக நடக்கும்.

முக்கியச் சொல்லை எத்தனை முறை போடலாம்?

ஒருமுறை போதும். 'சைக்கிள் செயின், சைக்கிள் செயின் ரிப்பேர், செயின் மாட்டுதல்' என்று அடுக்கினால் படிப்பவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்றே தெரியாது. 'சைக்கிள் செயின் கழன்றால் நீங்களே மாட்டுவது எப்படி?' என்று எழுதிப் பாருங்கள். தேடுபவரின் கேள்வியும் இருக்கிறது, பதில் கிடைக்கும் என்ற உறுதியும் இருக்கிறது. ஆனால் உள்ளே அந்தப் பதில் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாததைச் சொல்லி ஆளை இழுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தளத்தின் பெயர் முன்னாலா, பின்னாலா?

முகப்புப் பக்கத்தில் முன்னால், மற்றவற்றில் பின்னால். 2022 முதல் கூகுள் தளப் பெயரைத் தனியாகவும் காட்டுவதால், இடம் போதவில்லை என்றால் உள்பக்கங்களில் விட்டுவிடலாம்.

கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கும் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். பக்கத்தின் முக்கியச் சொற்களை நிரலில் பட்டியலிடும் இடம் அது, வாசகர் கண்ணில் படாது. தேடல் முடிவுகளின் வரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தலைப்பை மாற்றி இரண்டு நாளாகிறது, இன்னும் பழசே வருகிறது.

கூகுள் மறுபடி வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பக்க முகவரியைக் கொடுத்து, பக்கத்தை மறுபடி படித்துப் பதிவுசெய்யக் கேளுங்கள். அதற்குள் பொறுமையிழந்து இன்னொரு தலைப்பு வைக்காதீர்கள், எது பலன் தந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. புதுத் தலைப்பு வந்த பிறகு, எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை அங்கேயே பழைய வாரங்களோடு ஒப்பிடுங்கள்.