கார் பார்க்கில் 19 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 100 பவுண்டு கேட்கிறார்கள். எதிர்க்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: இங்கிலாந்தில் ஒரு ரீடெய்ல் பார்க். 2 மணி நேரம் இலவசம். கேமராக் கணக்குப்படி கார் உள்ளே இருந்தது 2 மணி 19 நிமிடம். தனியார் பார்க்கிங் நிறுவனம் 100 பவுண்டு கேட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது, 14 நாளுக்குள் கட்டினால் 60. கட்டுவதா, எதிர்ப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?

மூன்றாவதை முதலில் தள்ளிவிடுங்கள். "குப்பையில் போடு, ஒன்றும் ஆகாது" என்பது 2012க்கு முந்தைய அறிவுரை. அந்த ஆண்டு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. கூடவே, யார் ஓட்டினார் என்று தெரியாவிட்டாலும் லாக்புக்கில் (வண்டியின் பதிவு ஆவணத்தில்) பெயர் உள்ளவரிடம், அதாவது கீப்பரிடம், பணம் கேட்கும் வழியையும் தன் 4ஆம் அட்டவணையில் திறந்துவிட்டது. இன்று இந்த நிறுவனங்கள் கவுண்டி கோர்ட்டில் வழக்குப் போடத் தயங்குவதில்லை.

அடுத்து, கடிதம் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். கவுன்சில் (உள்ளாட்சி) அனுப்புவதும் பி.சி.என்.தான், தனியார் அனுப்புவதும் பி.சி.என்.தான். கவுன்சிலுடையதில் 'பெனால்டி' சார்ஜ் நோட்டீஸ் என்றிருக்கும். அது சட்டப்படியான அபராதம், அதற்கான முறையீடு வேறு பாதை. தனியாருடையதில் 'பார்க்கிங்' சார்ஜ் நோட்டீஸ் என்றிருக்கும். பலகையில் எழுதியிருந்த நிபந்தனையை மீறினீர்கள், ஒப்பந்தத்தை முறித்தீர்கள் என்று ஒரு கம்பெனி நீட்டும் பில் அது, அவ்வளவே. கீழே சொல்வதெல்லாம் இந்தப் பில்லுக்கு, அதுவும் இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அந்த 4ஆம் அட்டவணை பொருந்தாது.

பெரும்பாலோர் சறுக்குவது முதல் பதிலிலேயே. "மன்னிக்கவும், நான் குழந்தைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை" என்று உருக்கமாக எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியில், நான்தான் ஓட்டினேன், நேரத்தைத் தாண்டினேன் என்ற இரண்டையும் ஒப்புக்கொண்டாயிற்று. கடிதம் கீப்பர் என்ற முறையில் உங்களுக்கு வந்திருக்கிறது, கீப்பராகவே பதில் எழுதுங்கள். ஓட்டியவரைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் "ஓட்டுநர்" என்று மூன்றாம் ஆளாகவே குறிப்பிடுங்கள். ஓட்டியவர் பெயரைத் தனியார் நிறுவனத்துக்குச் சொல்லவேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதற்காகப் பொய் சொல்லாதீர்கள். சொல்லாமல் இருப்பது வேறு, நான் ஓட்டவில்லை என்று புளுகுவது வேறு. இணையப் படிவத்தில் "நீங்கள் ஓட்டுநரா, கீப்பரா?" என்று ஒரு கட்டம் வரும். கவனிக்காமல் ஓட்டுநர் என்று தட்டிவிட்டால், அடுத்து சொல்லப்போகும் தேதிக் கணக்கு முழுக்க வீண்.

அந்தக் கணக்கு இதுதான். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமரா படத்தை மட்டும் வைத்து அனுப்பும் நோட்டீஸ், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணி 14 நாளுக்குள் கீப்பர் கையில் சேர்ந்திருக்கவேண்டும். சேர்ந்திருக்கவேண்டும் என்பதைக் கவனியுங்கள், அனுப்பினால் போதாது. தபாலில் போட்ட கடிதம் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை கணக்கில் வராது. 2ஆம் தேதி திங்கட்கிழமை கார் நின்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 3ஆம் தேதி, பதினான்காம் நாள் 16ஆம் தேதி திங்கள். 12ஆம் தேதி வியாழன் தபாலில் போட்டிருந்தால் 16இல் சேர்ந்ததாகக் கணக்கு, தப்பித்தார்கள். 13ஆம் தேதி வெள்ளி போட்டிருந்தால் 17ஆம் தேதி செவ்வாய், கெடு முடிந்துவிட்டது. கீப்பரிடம் கேட்கும் உரிமை அத்தோடு போய்விடும், அவர்கள் ஓட்டியவரைத்தான் தேடவேண்டும். கடிதத்தில் அச்சிட்ட தேதியும் தபாலில் சேர்த்த தேதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உறையைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு மாறும். முதல் 28 நாள் கழிந்து, அதற்கடுத்த 28 நாளுக்குள் கீப்பருக்குக் கடிதம் வரவேண்டும். இந்த வகையில் அவசரப்பட்டு உடனே கீப்பராக எழுதினால், அவர்கள் டி.வி.எல்.ஏ.வில் (வாகனப் பதிவு அலுவலகத்தில்) 2.50 பவுண்டு கட்டி விவரம் வாங்கிக் கடிதம் அனுப்பும் வேலையை நீங்களே மிச்சப்படுத்திக் கொடுத்ததாக ஆகும். அதனால் இந்த வகையில் மட்டும், 28 நாள் முறையீட்டுக் கெடு முடிவதற்குச் சற்று முன், 26ஆம் நாள் வாக்கில் எழுதுங்கள்.

தேதி சரியாக இருந்தாலும் கடிதத்தின் வாசகத்தைப் படியுங்கள். எந்த வண்டி, எந்த இடம், எவ்வளவு நேரம் 'நிறுத்தப்பட்டிருந்தது' என்று இருக்கவேண்டும். ஓட்டியவர் பெயரும் முகவரியும் எங்களுக்குத் தெரியாது, நீங்கள் கட்டுங்கள் அல்லது அவர் விவரத்தைத் தாருங்கள் என்று அழைக்கவேண்டும். 28 நாள் கழிந்தால் உங்களிடமே வசூலிக்கும் உரிமை வரும் என்று எச்சரிக்கவேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அது வாதம்தான். பைலா (அந்த இடத்துக்கென்றே உள்ள சட்ட விதி) நடப்பிலுள்ள விமான நிலையம், ரயில் நிலையம் போன்ற நிலங்களுக்கு இந்த அட்டவணையே செல்லாது.

இப்போது உங்கள் 19 நிமிடத்துக்கு வருவோம். பார்க்கிங் நிறுவனங்களுக்கு இரண்டு சங்கங்கள் உண்டு, பி.பி.ஏ., ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம் இல்லை, பயப்படவேண்டாம்.) இரண்டும் சேர்ந்து வெளியிட்டு 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நடத்தை விதிப்படி, அனுமதித்த நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகை தரவேண்டும். ஆக, சண்டை மீதமுள்ள 9 நிமிடத்துக்குத்தான். கேமரா வாசலில் இருக்கிறது. நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும்தான் அது பிடிக்கும், நிறுத்திய நேரத்தை அல்ல. இடம் தேடிச் சுற்றியது, பலகையைப் படித்தது, வெளியே போகும் வரிசையில் ஊர்ந்தது எல்லாம் அந்த 2 மணி 19 நிமிடத்துக்குள் அடக்கம். ஒரு சனிக்கிழமை மாலை, வெளிவாசலில் சிக்னல் உள்ள இடம் என்றால் 9 நிமிடம் ஒன்றுமேயில்லை. வாயால் சொன்னால் எடுபடாது, டேஷ்கேம் பதிவு, கடைசி ரசீதில் அச்சான நேரம், போனின் இருப்பிட வரலாறு என்று ஏதாவது வேண்டும். 19க்குப் பதில் 50 நிமிடமாக இருந்தால் இந்த வாதத்தைத் தொடவே வேண்டாம்.

"நான் அவ்வளவு நேரம் நிற்கவே இல்லையே" என்பவர்கள் வேறொன்றைச் சரிபார்க்கவேண்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை வந்துபோயிருந்தால், கேமரா முதல் வெளியேற்றத்தையும் இரண்டாம் நுழைவையும் தவறவிட்டு, இரண்டு வருகையையும் ஒரே நீண்ட வருகையாக ஒட்டிவிடும். முன்னால் வேன் மறைத்தாலோ நம்பர் பிளேட் அழுக்காக இருந்தாலோ இது நடக்கும். இடையில் வேறிடத்தில் பெட்ரோல் போட்ட ரசீது ஒன்று போதும், கேஸ் முடிந்தது. ரசீது இல்லையென்றால், தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த நம்பருக்கு அன்றைய எல்லாக் கேமராப் பதிவுகளையும் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், கட்டணம் கிடையாது.

சட்டமெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம், பலருக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரன் பார்க்கிங் கம்பெனி இல்லை. அன்று நீங்கள் பொருள் வாங்கிய கடையின் மேலாளரிடம் ரசீதோடு நேரில் போய், ரத்து செய்யச் சொல்லிக் கேளுங்கள். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுவதைவிட நேரில் போவதற்குப் பலன் அதிகம். கடை கைவிரித்தால் ரீடெய்ல் பார்க்கின் நிர்வாக அலுவலகம். உருக்கமான காரணங்களுக்கு இடம் இங்கேதான். அவற்றை முறையீட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் பயன் குறைவு. கூட வந்தவருக்கு உடல் குறைபாடு இருந்து, நடக்கக் கூடுதல் நேரம் ஆனது என்றால் அது வெறும் பரிதாபக் கதை அல்ல, 2010 சமத்துவச் சட்டப்படியான உரிமை. அதை எல்லா நிலையிலும் எழுத்தில் வையுங்கள்.

நிறுவனத்துக்கான முதல் முறையீடு 28 நாளுக்குள். தபாலில் வந்த நோட்டீஸ் என்றால் 14 நாளுக்குள் எழுதிவிடுங்கள், மறுத்தாலும் பெரும்பாலும் 60 பவுண்டுச் சலுகையை மறுபடி 14 நாளுக்குத் திறந்துவிடுவார்கள். சுருக்கமாக இருக்கட்டும்: கீப்பராக மறுக்கிறேன், நோட்டீஸ் தேதி தவறியது, நிறுத்திய நேரம் நிரூபிக்கப்படவில்லை, பலகை தெளிவாக இல்லை, நில உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். பலகைகளை நீங்களே போய்ப் படமெடுங்கள். நுழைவாயிலில் காரோட்டிக்கொண்டே படிக்க முடிகிறதா, 2 மணி நேரம் என்பதும் 100 பவுண்டு என்பதும் ஒரே அளவு எழுத்தா, சம்பவம் இரவில் என்றால் இரவில் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் காட்டுவது பலகை புதிதாக மாட்டிய அன்று பளிச்சென்று எடுத்த படமாகத்தான் இருக்கும்.

மறுத்தால் இரண்டாம் நிலை. நிறுவனம் பி.பி.ஏ. உறுப்பினர் என்றால் பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்பு. மறுப்புக் கடிதத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும், 28 நாள் செல்லும். உங்களுக்குச் செலவில்லை, தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 60 பவுண்டுச் சலுகை மட்டும் போய்விடும். இங்கே நீளமாக எழுதுங்கள், விட்ட வாதத்தைப் பிறகு சேர்க்க முடியாது. நிறுவனம் தன் ஆதாரத் தொகுப்பை அனுப்பியதும் கருத்துச் சொல்ல 7 நாள் தருவார்கள். நில உரிமையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் தேதியும் கறுப்பு மையில் மறைந்திருக்கிறதா, வரைபடம் உங்கள் இடம்தானா என்று அப்போது பிரித்துப் பாருங்கள். ஐ.பி.சி. உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்பு, இது கலெக்டர் ஐ.ஏ.எஸ். அல்ல. கெடுவை மறுப்புக் கடிதத்தில் பாருங்கள். வாகன ஓட்டிகள் பக்கம் இதற்கு நல்ல பெயர் இல்லை. சந்தேகமே இல்லாத ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் அங்கே போங்கள் என்பது என் கருத்து.

"19 நிமிடத்துக்கு 100 பவுண்டா, அநியாயம்" என்ற வாதத்தை எங்கேயும் எடுக்காதீர்கள். செல்ம்ஸ்ஃபர்டில் ஒரு ரீடெய்ல் பார்க்கில் 2 மணி நேர இலவசத்தை 56 நிமிடம் தாண்டியவரிடம் 85 பவுண்டு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பரில் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகம். இடம் எல்லோருக்கும் சுழற்சியில் கிடைக்கவேண்டும் என்பது நியாயமான நோக்கம், ஆகவே 85 பவுண்டு தண்டத்தொகை ஆகாது என்றார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு, பலகைகள் பெரிதாக, பளிச்சென்று, படிக்கும்படி இருந்தன என்பதன் மேல் நிற்கிறது. உங்கள் இடத்துப் பலகை அப்படி இல்லை என்று காட்டினால் அதே தீர்ப்பு உங்களுக்கு உதவும்.

ஆக, நோட்டீஸ் 14 நாளுக்குள் வந்திருக்கிறது, பலகைகள் நன்றாக இருக்கின்றன, கேமரா சரி, தாண்டியது நிஜம், கடைக்காரரும் உதவவில்லை என்றால் 60ஐக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். 9 நிமிடச் சண்டைக்கு ஆதாரம் ஏதாவது இருந்தால் தொடருங்கள்.

தொடர்ந்தால் இடையில் வசூல் ஏஜென்சிகள் சிவப்பு எழுத்தில் எழுதுவார்கள், 70 பவுண்டு கூட்டி 170 கேட்பார்கள். அவர்கள் ஜப்தி அதிகாரிகள் இல்லை, வீட்டுக்குள் வரும் அதிகாரம் கிடையாது, அந்தக் கடிதங்களுக்குப் பதில் தேவையில்லை. கீப்பரிடம் வசூலிக்கக்கூடிய உச்சத்தொகை அந்த முதல் நோட்டீஸில் உள்ள தொகைதான் என்கிறது 4ஆம் அட்டவணை. கோர்ட்டில் இந்த 70ஐ எதிர்க்க அதுவே பிடிமானம்.

ஆனால் "வழக்குக்கு முந்தைய கடிதம்" என்று ஒன்று வந்தால் 30 நாளுக்குள் பதில் கொடுத்தே ஆகவேண்டும். நார்தாம்ப்டனில் உள்ள கோர்ட் மையத்திலிருந்து வழக்குப் படிவமே வந்துவிட்டால், அதில் அச்சிட்ட தேதியிலிருந்து 5ஆம் நாள் உங்களுக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. அங்கிருந்து 14 நாளுக்குள் இணையத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று பதிவு செய்தால், எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும். சமரசத் தொலைபேசி அழைப்பு 2024 மே முதல் இத்தகைய வழக்குகளில் கட்டாயம். ஒரு மணி நேரம், இலவசம். கலந்துகொள்ளவேண்டும், ஆனால் எதற்கும் ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. தோற்றால் கேட்ட 170 பவுண்டோடு வழக்குக் கட்டணம் 35, வக்கீல் செலவு 50, விசாரணைக் கட்டணம் 27 பவுண்டு என்று ஏறும். ஆக 280 பவுண்டு சுமார், வட்டி தனி. தீர்ப்பான ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். கட்டாமல் விட்டால் 6 ஆண்டு கடன் வரலாற்றில் நிற்கும், மார்ட்கேஜ் கேட்கும்போது தெரியும்.

வீடு மாறியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். படிவம் பழைய முகவரிக்குப் போகும், பதில் இல்லாததால் தீர்ப்பு தானாக விழும், இவர்களுக்குத் தெரியவே தெரியாது. டி.வி.எல்.ஏ.வில் லாக்புக் முகவரியை மாற்றுவது இலவசம். அதோடு விடாமல், நோட்டீஸ் அனுப்பிய நிறுவனத்துக்கும் தனியாகப் புது முகவரியை எழுதிவிடுங்கள். அவர்கள் ஒருமுறை வாங்கிய விவரத்தை மறுபடி சரிபார்க்காமல் அதே பழைய முகவரிக்கே வழக்குப் போடுவதுண்டு.