குமுளி பஸ்ஸில் படபடப்பு, மூச்சைக் கவனித்தால் கூடுகிறது

மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறது என்கிறீர்களே, அப்படியானால் மூச்சைக் கவனிப்பதையே விட்டுவிடுங்கள். லோயர் கேம்ப் தாண்டி பஸ் வளைவு ஏறும்போது கவனத்தைப் பாதத்துக்கோ, கம்பியைப் பிடித்த கைக்கோ கொண்டுபோங்கள். படபடப்பில் மூச்சையே உற்றுப் பார்த்தால் சிலருக்கு ‘மூச்சு முட்டுதோ’ என்ற பயம்தான் வளரும். படபடப்பை விரட்டத்தான் நீங்கள் மூச்சைப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். கம்பத்தில் ஏறுமுன் ஒரு துண்டுத்தாளில் ‘மயங்கி விழுவேன், 80%’ என்று, பயத்தையும் அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். குமுளியில் இறங்கியதும் நடந்ததைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பத்துத் தாள் சேர்ந்ததும், பயந்தது எத்தனை முறை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். சிபிடியில் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை) பயத்தை இப்படித்தான் கணக்குக் கேட்பார்கள்.

நிஜமாகவே மயக்கமோ நெஞ்சுவலியோ வந்திருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் இதெல்லாம். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.