கோரக்பூர்: வீட்டிலேயே தங்கிவிட்ட ஓட்டுகள்

அன்புள்ள ஐயா,

கோட்டைத் தொகுதிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் உத்தரப் பிரதேசத்தின் 2018 கோரக்பூர் மக்களவை இடைத்தேர்தலுக்கு இவ்வளவு இடம் தந்திருக்க வேண்டுமா? சமாஜ்வாதி வேட்பாளருக்குப் பகுஜன் சமாஜ் தலைவர் மாயாவதி ஆதரவு கொடுத்தார், இரண்டு கட்சி ஓட்டும் ஒன்று சேர்ந்தது, பாஜக தோற்றது. வெறும் கூட்டல் கணக்கு. அடுத்த ஆண்டே பாஜகவின் ரவி கிஷன் மூன்று லட்சம் வித்தியாசத்தில் தொகுதியை மீட்டுவிட்டார். ஓராண்டு சொச்சம் நின்ற வெற்றிக்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டல் கணக்கு என்கிறீர்கள். கூட்டியே பார்ப்போம். 2014-இல் அங்கே பாஜகவின் ஆதித்யநாத் வாங்கியது 5,39,127 ஓட்டு. சமாஜ்வாதி 2,26,344, பகுஜன் சமாஜ் 1,76,412. பின்னவை இரண்டையும் சேர்த்தாலும் 4,02,756தான். 2014 ஓட்டு அப்படியே விழுந்திருந்தால் கூட்டணியையும் தாண்டி பாஜக லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கும். நடந்தது வேறு. சமாஜ்வாதியின் சைக்கிள் சின்னத்தில் நின்ற பிரவீண் நிஷாத் 4,56,513 வாங்கினார். பாஜகவின் உபேந்திர தத் சுக்லாவுக்கு 4,34,632. வித்தியாசம் 21,881.

கூட்டணி கூடுதலாகப் பெற்றது ஐம்பதாயிரத்துச் சொச்சம். பாஜக இழந்ததோ ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த ஓட்டில் பெரும்பகுதி எதிரணிக்குப் போகவில்லை, சாவடிக்கே வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வாக்குப்பதிவு ஐம்பது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஏன் வரவில்லை? 1989 முதல் அந்தத் தொகுதி அவ்வூர் கோரக்நாத் மடத்தின் கையில் இருந்தது. முதலில் மடத்தின் தலைவர் (மகந்த்) அவைத்யநாத், 1998 முதல் அவருடைய சீடர் ஆதித்யநாத். 2017-இல் அவர் முதலமைச்சராகி மக்களவையை விட்டு விலகினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக மடத்தைச் சேராத ஒருவர் பாஜக வேட்பாளரானார். கட்சியின் சொத்து என்று நினைத்திருந்த விசுவாசத்தில் பெரும்பங்கு மடத்தின் சொத்து என்பது அப்போதுதான் தெரிந்தது. (அந்தக் கோட்டையும் ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1999-இல் ஆதித்யநாத் வென்றது வெறும் 7,339 ஓட்டில்.)

இன்னொன்றும் இருக்கிறது, என்னால் எளிதில் கடந்துபோக முடியாதது. 1978 முதல் பல ஆண்டுகள் மழைக்காலம் வந்தால் அந்தப் பகுதியில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் செத்தார்கள். 2017 ஆகஸ்டில் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆக்ஸிஜன் விநியோகம் தடைபட்டதால்தான் இறந்தார்கள் என்பதை அரசு மறுத்தது. அந்தச் சாவுகள் எத்தனை ஓட்டை மாற்றின என்று நான் கணக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் எப்படியும் நமக்குத்தான் ஓட்டு என்று கட்சி நம்பியிருக்கும் ஊரில், பிள்ளையைப் பறிகொடுத்தவர் தன் கோபத்தை எங்கே போய்ச் சொல்வார்? பொதுத்தேர்தலில் பிரதமர் யார் என்ற கேள்வி முன்னால் வந்து நின்றுவிடும். சொந்தக் கட்சி ஆட்சியைக் கவிழ்க்காமல் சொந்தக் கட்சியைக் கண்டிக்க அவருக்குக் கிடைக்கும் ஒரே நாள் இடைத்தேர்தல் நாள்.

2019-ஐ நீங்கள் எடுத்துக்காட்டினீர்கள். ரவி கிஷன் வாங்கியது 7,17,122. ஆனால் கூட்டணி ஓட்டு 4,15,458. முந்தைய ஆண்டைவிடச் சுமார் நாற்பத்தோராயிரம்தான் குறைவு. அந்த ஓட்டுகள் கரைந்துவிடவில்லை, வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். பிரவீண் நிஷாத்தே அதற்குள் பாஜகவில் சேர்ந்து பக்கத்துச் சந்த் கபீர் நகரில் ஜெயித்துவிட்டார். அது எனக்கு வருத்தம்தான். அவருக்கு ஓட்டுப்போட்ட நான்கரை லட்சம் பேரையும் அவர் நடுவழியில் விட்டுவிட்டார்.

2024-இல் அதே ரவி கிஷன் மறுபடி வென்றார். எதிர்த்து நின்றவர் சமாஜ்வாதியின் காஜல் நிஷாத். மாயாவதி இந்த முறை கூட்டணியில் இல்லை. அப்படியும் மூன்று லட்ச வித்தியாசம் 1,03,526 ஆகக் குறைந்திருந்தது.

அன்புடன்.