நோட்.ஜேஎஸ்ஸுக்கான வெப் ஃபிரேம்வொர்க் எக்ஸ்பிரஸில் எழுதிய ஏபிஐ சில ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் பதிலே தராமல் சுற்றிக்கொண்டிருக்கிறதே, ஏன்?

எரரும் வராமல், பதிலும் வராமல் சுற்றுகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் மிடில்வேர் மேல்தான். மிடில்வேர் என்பது எக்ஸ்பிரஸ் உள்ளே வரிசையாக நிற்கும் ஃபங்ஷன்கள், அவ்வளவுதான். ரிக்வெஸ்ட்டை வாங்கிய ஃபங்ஷன் ஒன்று பதில் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நெக்ஸ்ட்டைக் கூப்பிட்டு அடுத்ததிடம் தள்ள வேண்டும். டோக்கன் இல்லையென்றால் வெறும் ரிட்டர்ன் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். 401 (அடையாளம் உறுதியாகவில்லை என்ற பதில்) அனுப்பாமல் திரும்பிவிட்டால் கேட்டவர் காத்துக்கொண்டே இருப்பார்.

அங்கே இல்லையென்றால் அசிங்க் ஃபங்ஷன்களைப் பாருங்கள். நான்காம் பதிப்பில், அவெய்ட் செய்த இடத்தில் வெடிக்கிற எரர் எக்ஸ்பிரஸின் காதுக்கு எட்டாது. பழைய நோடில் ரிக்வெஸ்ட் அந்தரத்தில் தொங்கும். நோட் 15 முதல் புராசஸே விழுந்துவிடும். டிரை-கேட்ச் போட்டு, பிடித்த எரரை நெக்ஸ்ட்டிடம் கொடுத்தால் சரியாகிவிடும். 2024இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைத் தானாகவே செய்கிறது. புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நேரே அதற்கே போங்கள்.

சரி, நெக்ஸ்ட்டிடம் கொடுத்த எரர் எங்கே போகும்? வரிசையின் கடைசியில் இருக்கும் எரர் ஹேண்ட்லருக்கு. அதில்தான் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். எர் (எரர்), ரெக் (ரிக்வெஸ்ட்), ரெஸ் (ரெஸ்பான்ஸ்), நெக்ஸ்ட் என்று நான்கு பாராமீட்டர்கள் இருந்தன. நெக்ஸ்ட்டை எங்கும் பயன்படுத்தவில்லை என்று கோடில் குறை கண்டுபிடிக்கும் லின்ட்டர் நச்சரித்ததால் நீக்கிவிட்டேன். எக்ஸ்பிரஸ் பெயரைப் பார்ப்பதில்லை, பாராமீட்டர்களை எண்ணுகிறது! நான்கு இருந்தால்தான் எரர் ஹேண்ட்லர், மூன்று என்றால் சாதாரண மிடில்வேர். விளைவு, எரர் எக்ஸ்பிரஸின் சொந்த ஹேண்ட்லருக்குப் போய், ஜேசன் வரவேண்டிய இடத்தில் ஸ்டாக் டிரேஸோடு (எரர் வந்த வழியைக் காட்டும் பட்டியல்) ஒரு எச்டிஎம்எல் பக்கம் வந்தது. இல்லாத முகவரியைக் கேட்டால் 404க்குப் பதில், ரெஸ்.ஸ்டேட்டஸ் ஒரு ஃபங்ஷனே இல்லை என்று 500. எர் என்று நான் பெயர் வைத்த இடத்தில் ரெக்கும், ரெஸ் இருந்த இடத்தில் நெக்ஸ்ட்டும் வந்து உட்கார்ந்திருந்தன. வரிசை ஒன்று நகர்ந்திருக்கிறது என்று புரிவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்புறம் ஒன்று: ரிக்வெஸ்ட்டோடு வரும் ஜேசனைப் படித்து ரெக்.பாடியில் வைக்கும் எக்ஸ்பிரஸ்.ஜேசன் மிடில்வேரை ரூட்டுகளுக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் ரெக்.பாடி காலியாகத்தான் கிடைக்கும். நீங்களாக மாற்றாதவரை அந்த மிடில்வேர் 100 கேபிக்கு மேல் வாங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது என் எரர் ஹேண்ட்லருக்கு மேலே ஒரு கமெண்ட் நிற்கிறது: "நெக்ஸ்ட்டை அழிக்காதே".