48 சதுர அடி ஊஞ்சல்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கூரையில் கொக்கி மாட்ட முடியாத அபார்ட்மெண்ட் வீடுகளுக்காக, தரையிலேயே நிற்கும் ஊஞ்சல் ஒன்று செய்தேன். இரும்புச் சட்டம், தேக்குப் பலகை. ஆறடி அகலம், நாலடி ஆழம், ஆறரை அடி உயரம். மதுரையில் பர்னிச்சர் கடைக்காரர்கள் எல்லோரும் "நல்லா இருக்கு தம்பி" என்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை. விலையைக் குறைக்கட்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விலையில் கை வைக்காதீர்கள். கடைக்காரர் மனசுக்குள் ஓடுவது இடக் கணக்கு. ஊஞ்சல் ஆறுக்கு நாலு, சரி. ஆடுவதற்கு முன்னால் இரண்டடி, பின்னால் இரண்டடி விட்டால் 48 சதுர அடி ஆகிவிடும். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பத்து பீரோ அங்கே நிற்கும். சீர் வாங்க வருகிறவர்கள் பீரோ, கட்டில், மெத்தை என்று பட்டியலோடு வருகிறார்கள். அதில் ஊஞ்சல் இல்லை. நீங்கள் ஐநூறு ரூபாய் குறைப்பதால் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

அதனால் "பத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க வேண்டாம். மாதிரிக்கு ஒன்றே ஒன்று, உங்கள் செலவில் வையுங்கள். ஆர்டர் விழுந்தால் பட்டறையிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே மாட்டிக் கொடுங்கள். கடைக்காரருக்கு குடோன் தேவையில்லை, லோடுமேன் தேவையில்லை, லாபம் மட்டும் வரும். மாதிரியை டெலிவரி சலான் (விற்காமல் அனுப்பும் பொருளுக்கான சீட்டு) போட்டுக் கொடுங்கள். கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியில் இருந்தால், அப்படி வைத்த பொருளை ஆறு மாதத்துக்குள் பில் போட வேண்டும், அல்லது திரும்ப எடுக்க வேண்டும்.

வைத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. பர்னிச்சர் கடையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஊஞ்சல் மீது முதலில் தலையணை ஏறும், அப்புறம் அட்டைப்பெட்டி. பிறகு யாரும் அதை ஊஞ்சலாகவே பார்க்க மாட்டார்கள். வருகிறவர்கள் அதில் உட்கார வேண்டும். சங்கிலி தொங்கும் இடத்தில் பேரிங் போடுங்கள். "கீச்" என்று ஒரு சத்தம் வந்தால் உட்கார்ந்த அம்மா இறங்கிவிடுவார். காலுக்கடியில் ரப்பர் புஷ் கட்டாயம். டைல்ஸ் கீறுமா, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்குமா என்பதுதான் அபார்ட்மெண்ட்காரர்களின் முதல் கேள்வி. எத்தனை கிலோ தாங்கும் என்று மூட்டை ஏற்றிச் சோதித்து, சட்டத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, வெல்டிங்கைக் குறைத்து போல்ட்டுக்கு மாறுங்கள். இதைத்தான் நான் ரொம்ப வற்புறுத்துவேன். வெளியூர் ஆர்டருக்கு கூரியரில் அனுப்பினால், நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து கிலோ கணக்குப் போடுவார்கள். அதற்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. முழுதாக நிற்கும் உங்கள் ஊஞ்சல் 180, 120, 200; கணக்கில் 864 கிலோ! கால்களையும் மேல்குழாயையும் இரண்டிரண்டாக்கி, ஸ்லீவ் (இணைப்புக் குழாய்) வைத்து போல்ட் போட்டு, 130, 60, 20 பெட்டிக்குள் அடக்கினால் 31 கிலோ சொச்சம்தான். குட்டியானையில் இன்று ஒன்று ஏற்றுகிற இடத்தில் அடுக்கடுக்காக ஏற்றலாம்.

மாசி வீதிப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இட நெருக்கடி, வண்டி நிறுத்தவும் சிரமம். ஊருக்கு வெளியே, புது அபார்ட்மெண்ட்கள் எழும் பக்கம் பெரிய ஷோரூம்களைப் பாருங்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பரிசு தேடி வருகிறவர்தான் உங்கள் ஆள். மார்கழித் தொடக்கத்தில் போய்ப் பேசுங்கள். விசேஷம் இல்லாத மாதம், முதலாளிக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தை மாதத்துக்கு என்ன வைக்கலாம் என்று யோசிப்பதும் அப்போதுதான்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் உடனே எடுங்கள், இலவசம்தான். பதிவு செய்த குறு, சிறு தயாரிப்பாளரிடம் வாங்கிய பொருளுக்கு, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் வருடச் சட்டம். முதல் நாளே சட்டம் பேச வேண்டாம். பில்லில் பதிவு எண்ணை அச்சடித்துவிடுங்கள், போதும்.