வளைகாப்பும் எஃப் ஆஃப் எக்ஸும்

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். போன வாரம் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடம் (சார்பு என்றால் ஆங்கிலத்தில் ஃபங்ஷன்) நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: “மிஸ், சயின்ஸ்ல இதயத்தோட ஃபங்ஷன்னு வருது. கம்ப்யூட்டர்லயும் ஃபங்ஷன். ஞாயித்துக்கிழமை எங்க அக்காவுக்கு வளைகாப்பு ஃபங்ஷன். எல்லாம் ஒண்ணா?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்கு என்ன சொல்வது?

வாசகி, வேளச்சேரி

அன்புள்ள டீச்சருக்கு,

அவன் கேட்டது சிரிக்கிற கேள்வியே இல்லை. அவன் சொன்னவற்றில் மூலச்சொல்லுக்கு மிக அருகில் இருப்பது அக்காவின் வளைகாப்புதான். ‘ஃபங்ஷன்’ பிறந்த லத்தீன் சொல்லுக்கு, ஏற்றுக்கொண்ட கடமையைச் செய்து முடிப்பது என்று பொருள். வளைகாப்பில் நாம் செய்வதும் அதுதானே?

கணக்குக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ், 1673இல். ஒரு வளைகோட்டை ஒட்டித் தொடுகோடு போன்ற கோடுகள் அந்தப் படத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதையே அவர் அந்தச் சொல்லால் குறித்தார். ஆகவே கணக்கிலும் தொடக்கம் ‘வேலை’தான். 1755இல் கணித மேதை ஆய்லர் எழுதும்போது அந்த ‘வேலை’ என்ற பொருள் உதிர்ந்துவிட்டது. ஓர் அளவு மாறும்போது இன்னோர் அளவும் அதோடு மாறுமானால், பின்னது முன்னதின் ஃபங்ஷன் என்றார். எதற்காக மாறுகிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மெட்ரோ கட்டணப் பட்டியலைப் பாருங்கள். ஏறும் நிலையத்தையும் இறங்கும் நிலையத்தையும் சொன்னால் கட்டணம் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவே சார்பு. நம் பாடநூலில் ‘சார்பு’ என்று சொல் வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதை அவர் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் ஃபங்ஷன் ‘வேலை’, ‘சார்பு’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சில, எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும். சில, திரையில் ஒரு வரியைக் காட்டிவிட்டு ஓயும்.

எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது இதயம்தான். இதயம் ரத்தத்தை இறைக்கிறது. ‘லப் டப்’ என்று ஓசையும் எழுப்புகிறது. அந்த ஓசையைக் கேட்டு டாக்டர் நோயைக்கூடக் கண்டுபிடிக்கிறார். ஆனால் ஓசை எழுப்புவதை இதயத்தின் பணி என்று யாரும் சொல்வதில்லை. ஏன்? லாரி ரைட் என்ற தத்துவ அறிஞர் 1973இல் ஒரு விடை சொன்னார்: எதைச் செய்வதால் ஓர் உறுப்பு அங்கே இருக்கிறதோ, அதுவே அதன் பணி. ரத்தத்தை இறைத்ததால்தான் இதயம் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. ஓசை கூடவே வந்தது. இரண்டு வருடம் கழித்து ராபர்ட் கமின்ஸ் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் வேறு வழியில் போனார். ஒன்று எப்படி வந்தது என்ற கதை வேண்டாம். தான் அடங்கிய பெரிய அமைப்புக்கு அது என்ன உதவி செய்கிறது என்று பார்த்தால் போதும் என்றார்.

நான் கமின்ஸ் பக்கம் சாய்கிறேன். அதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை யாரும் எதற்காகவும் உண்டாக்கவில்லை. ரைட்டின் அளவுகோலில் அதற்குப் பணியே கிடையாது. ஆனால் தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. கமின்ஸ் கண்ணால் பார்த்தால் அதன் பணி தெளிவாகத் தெரியும். நாமோ உதவாத நிலம் என்று நினைத்துப் பெருங்குடியில் மலைமலையாகக் குப்பையைக் கொட்டினோம், கட்டடங்களை எழுப்பினோம். 2015 வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2022இல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்று ராம்சர் தளமானபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

சரி, பையனுக்கு வருவோம். எல்லாம் ஒன்றில்லை, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரு வேலை கொடுங்கள்: அவன் தெரு மழைநீர் வடிகாலில், தண்ணீர் ஏறும் உயரம் எவற்றைச் சார்ந்தது, அந்த வடிகாலின் பணி என்ன என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வரட்டும். என்ன எழுதினான் என்று எனக்கும் தெரிவியுங்கள். அவன் அக்காவுக்கு என் வாழ்த்துகள்.